பாம்பின் தோலடியில் காணும் வெண்புழு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெய்து திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஏரிகளும் குட்டைகளும் நிரம்பியவுடன் முதலில் குரல் கொடுப்பவை தவளைகள். தவளைகளைத் தேடித் தண்ணீர்ப்பாம்பும் சாரையும் வரப்புகளுக்கு வருகின்றன. தை மாதத்தில் சம்பா அறுவடை நடக்கும்போது, நெல்லுக்கு வந்த எலியைப் பின்தொடர்ந்து அதே சாரை களத்துமேட்டுக்கும் வந்துவிடுகிறது. ஆட்களின் கண்ணில் பட்டால் அதன் ஆயுள் அவ்வளவே. அடிபட்டுத் தோல் கிழிந்து கிடக்கும் பாம்பில், தோலுக்கும் தசைக்கும் நடுவே, வெள்ளை நாடாத் துண்டுகள் போன்றவை சுருண்டு கிடப்பதும், அவை மெல்ல நெளிவதும் சில வேளைகளில் காணப்படும். காண்பவர்களுள் ஒருவர் அதை நரம்பு என்பார். ஒருவர் பாம்பின் குட்டி என்பார். விஷமே புழுவாகித் திரிகிறதென்று சொல்லவும் ஓர் ஆள் இருப்பார். இப்படிப்பட்ட அசுத்தத்தைச் சுமக்கும் ஜந்துவை ஊரில் விட்டுவைக்கலாகாது என்று அடுத்த பாம்பையும் அடிக்கத் தடி எடுப்பார்கள்.

அவ்வெண்புழு விஷத்தில் பிறந்ததன்று; பாம்புக்குப் பிறந்ததுமன்று. நாடாப்புழு இனத்தைச் சேர்ந்த ஒரு ஜந்துவின் இளம்பருவமே அது. அந்த ஜந்துவின் சாஸ்திரப் பெயர் ஸ்பைரோமெட்ரா. பாம்பின் உடலிலும் தவளையின் உடலிலும் காணும் அதன் இளம்புழுவுக்கு ஸ்பார்கனம் என்று தனிப்பெயர் வழங்குகிறது. அதைப் பெற்ற பெரிய புழு இருக்குமிடம் பாம்புப் புற்றன்று. திண்ணையில் படுத்திருக்கும் நாயின் குடலும், அடுக்களையில் பால் தேடும் பூனையின் குடலுமே அதன் வாசஸ்தலம். கேட்டவுடன் இதை நம்புவது கடினமாகையால், புழு செல்லும் வழியைத் தொடர்ந்து பார்ப்பது அவசியமாகிறது.

உண்பவரும் உண்ணப்படுபவரும்

நாடாப்புழுவுக்கு வாயில்லை, வயிறுமில்லை. பிறிதொரு பிராணியின் குடலில் தலையால் பற்றிக்கொண்டு, அங்கே அந்தப் பிராணி ஜீரணம் செய்து வைத்திருக்கும் சாரத்தைத் தன் தோல் முழுவதாலும் உறிஞ்சி வாழ்கிறது. பாடுபடாமல் பங்கு பெறும் அங்கத்தினர் என்று இதைச் சொல்லலாம். தலைக்குக் கீழே கணுக்கணுவாக வளர்ந்து நாடாவைப்போல் நீளுகிறது. ஒவ்வொரு கணுவிலும் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் சேர்ந்தே அமைந்திருப்பதால் முட்டையிடுவதற்கு ஜோடியைத் தேட வேண்டியதுமில்லை.

ஆனால் இவ்வளவு சௌகரியத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நாயின் குடலிலிருந்து வெளிப்படும் முட்டை மற்றொரு நாயின் வாயில் நேரே புகுந்தால் அங்கே நாடாப்புழு ஆவதில்லை. நடுவில் வேறொரு பிராணியின் உடலில் இளம்பருவத்தைக் கழித்தாக வேண்டும். அந்தப் பிராணியை எது பிடித்துத் தின்னுகிறதோ, அதன் குடலில்தான் புழு முழு வளர்ச்சியடையும். சிற்சில விலக்குகள் நீங்கலாக நாடாப்புழு இனம் முழுவதற்கும் இதுவே விதி. உண்ணப்படும் பிராணியின் தசையில் குழந்தைப் பருவம், உண்ணும் பிராணியின் குடலில் குடும்ப வாழ்க்கை என்று வைத்துக்கொண்டால் பின்னால் வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

மேனாட்டுப் பண்டிதர்களும் இதை நெடுங்காலம் அறியவில்லை. தசையிலும் ஈரலிலும் காணும் நீர்ப்பைப் புழு ஒரு தனி ஜாதி என்றும், குடலிலுள்ள நாடாப்புழு வேறு ஜாதி என்றும் எண்ணியிருந்தார்கள். 1850-களில் கியூக்கென்மைஸ்டர் என்னும் ஜெர்மானிய டாக்டர், முயலின் உடலிலிருந்த நீர்ப்பைப் புழுக்களை நாய்க்கு உண்ணக் கொடுத்து, அவை அதன் குடலில் நாடாப்புழுக்களாக வளர்ந்திருப்பதை அறுத்துக் காட்டினார். அத்துடன் நில்லாமல், மரண தண்டனை பெற்ற ஒரு கைதிக்குப் பன்றிப் புழு கலந்த உணவைக் கொடுத்து, தண்டனை நிறைவேறியபின் அவன் குடலில் இளம் நாடாப்புழுக்கள் பற்றியிருந்ததைக் கண்டு 1855-ல் வெளியிட்டார். உண்மை நிலைநாட்டப்பட்டது, எனினும் அவர் கையாண்ட முறையை அக்காலத்தவரே கண்டித்தார்கள், கண்டித்தது நியாயமே.

ஏரியிலிருந்து வீடு வரை

ஸ்பைரோமெட்ராவுக்கு ஒன்றல்ல, இரண்டு நடுவீடுகள் தேவை. ஏரிக்கரையில் நாய் மலங்கழிக்கிறது. மழைநீர் அதை அடித்துக்கொண்டு போய்க் குட்டையில் சேர்க்கிறது. முட்டை ஜலத்தில் கிடந்து பக்குவமடைந்ததும், மெல்லிய மயிர் போர்த்த உருண்டையான குஞ்சு அதிலிருந்து வெளிவந்து நீந்துகிறது. ஸைக்ளாப்ஸ் என்னும் நீர்ப்பூச்சி அதை விழுங்கினால்தான் அதற்குப் பிழைப்பு. விழுங்காவிடில் விரைவில் மடிந்துபோகும். ஸைக்ளாப்ஸ் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ளது. நெற்றியில் ஒரே கண் இருப்பதால், கிரேக்கர் கதைகளில் வரும் ஒற்றைக்கண் அரக்கனின் பெயரை இதற்கு இட்டார்கள். குட்டைத் தண்ணீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் மொண்டு வெயிலுக்கு எதிரே பிடித்தால் வெண்புள்ளிகள் போல் துள்ளித் துள்ளி ஓடுபவற்றுள் இதுவும் ஒன்று.

அந்தப் பூச்சியைத் தலைப்பிரட்டையோ தவளையோ உட்கொள்ளுகிறது. தவளையின் தசைக்குள் புகுந்த இளம்புழு, கணுக்கள் இல்லாத வெண்ணிற நாடாவாக வளர்கிறது. இதுவே ஸ்பார்கனம். சிறியது சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும். பெரியது ஒரு சாணுக்கு மேலும் இருப்பதுண்டு.

தவளையைப் பாம்பு விழுங்கும்போதுதான் விசேஷமான காரியம் நடக்கிறது. தவளை ஜீரணமாகிவிடுகிறது, புழு ஜீரணமாவதில்லை. அது பாம்பின் குடற்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, தசையிலும் தோலடியிலும் போய்த் தங்குகிறது. பாம்பின் குடல் அது தேடும் குடல் அன்று; ஆகையால் அங்கே வளரவும் இல்லை, முட்டையிடவும் இல்லை. தவளையில் இருந்த அதே பருவத்திலேயே இருந்துகொண்டு காத்திருக்கிறது. ஒரு கிளைச் சங்கத்திலிருந்த வைப்புத் தொகையை மற்றொரு கிளைக்கு மாற்றினாற்போல என்று கொள்ளலாம். தொகை கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் ஒரு பாம்பு தன் ஆயுளில் எத்தனை தவளைகளைத் தின்கிறது? ஒவ்வொன்றிலும் இருந்தவை இதன் உடலில் சேர்ந்துகொண்டே போகின்றன. தவளையில் ஒன்றும் இரண்டுமாகக் கிடப்பவை பாம்பில் பலவாகக் காண்பதற்கு இதுவே காரணம். தவளைகள் விளைநிலம் என்றால் பாம்பு குதிர்.

பூனையோ நாயோ அப்பாம்பைத் தின்றால் காத்திருந்த புழு தன் சொந்த வீட்டை அடைந்துவிடுகிறது. இரண்டு மூன்று வாரங்களுக்குள் அதன் முட்டைகள் மலத்தில் வெளிவரத் தொடங்கும். காட்டில் இந்த இடத்தை நரியும் காட்டுப்பூனையும் வகிக்கின்றன. ஜவ்வாது மலைப்பக்கத்திலும் செங்கம் காடுகளிலும் மனிதன் தலையிடாமலே இச்சுற்று நடைபெற இடமுண்டு. ஊருக்குள் நாயும் பூனையும் அவற்றின் ஸ்தானத்தில் நிற்கின்றன.

இங்கே இரண்டு விஷயங்களைச் சங்கத்து அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலாவது, இந்தச் சுற்றுக்குப் பாம்பு இன்றியமையாததன்று. பூனை தவளையை நேரே பிடித்துத் தின்றாலும் புழுவுக்கு வேலை முடிந்தது. ஆதலால் ஊரிலுள்ள பாம்புகளை எல்லாம் கொன்று தீர்த்தாலும் புழு ஒழியாது. இரண்டாவது இதைவிடப் பெரிது. அடித்த பாம்பைத் தடியில் தூக்கி வேலியோரத்தில் எறிகிறோம். இரவில் அதை இழுத்துப் போவது யார்? நாய். உயிரோடிருந்தால் பெரும்பாலும் நாயின் வாயில் அகப்படாத பாம்பை நாமே கொன்று, தோலைக் கிழித்து, அதன் முன் வைக்கிறோம். புழுவின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதைக் காட்டிலும் பெரிய உபகாரம் ஒருவர் செய்ய முடியாது.

எலியின் ஈரல் சொல்லும் கதை

வரப்பிலே எலி வளை தோண்டும் இருளர் சமூகத்தார் எலியின் ஈரலில் வெண்மையான கொப்புளம் இருப்பதைக் கண்டிருப்பார்கள். கீறிப் பார்த்தால் உள்ளே மடிந்து கிடக்கும் புழு ஒன்று வெளிவரும். இது ஸ்பைரோமெட்ரா அன்று. பூனையின் குடலில் வாழும் வேறொரு நாடாப்புழுவின் இளம்பருவம். பூனையின் மலத்திலிருந்து முட்டை தானியத்திலும் தரையிலும் படுகிறது. எலி அதைத் தின்கிறது. முட்டை பொரிந்து ஈரலில் கொப்புளமாகிறது. எலியைப் பூனை தின்றால் கணக்கு நேராகிறது. ஜலமும் நீர்ப்பூச்சியும் இதற்குத் தேவையில்லை. (இக்கொப்புளத்தைச் சுற்றி எலிக்குப் புற்றுநோய் உண்டாவதை 1920-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் இரு ஆராய்ச்சியாளர்கள் சோதித்துக் காட்டியது வைத்திய உலகில் பேசப்பட்ட செய்தி.)

அதே எலியைப் பூனைக்குப் பதிலாகச் சாரை விழுங்கினால் என்ன நேரும்? பாம்பின் குடலில் இந்தப் புழு பிழைப்பதில்லை. எலியோடு சேர்ந்து அதுவும் தொலைந்தது. நாடாப்புழு ஆயிரக்கணக்கில் முட்டையிடுவது தன் கணக்கில் பெரும்பகுதி வராக்கடனாகப் போகும் என்பதால்தான். அந்த வராக்கடனில் கணிசமான பங்கைப் பாம்பு எழுதித் தள்ளுகிறது. ஒரு புழுவுக்குக் குதிராக இருக்கும் அதே பாம்பு மற்றொன்றுக்குச் சுடுகாடாக இருக்கிறது. எலி மிகுந்த ஊரில் நெல்லும் குறையும், எலிக்காய்ச்சல் முதலிய பிணிகளும் மிகும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், சாரையை அடிப்பவர் யாருக்கு நஷ்டம் விளைவிக்கிறார் என்பது புலனாகும்.

பாம்புக்கே உரிய நாடாப்புழுக்களும் உண்டு. அவை பாம்பின் குடலிலேயே முழு வளர்ச்சி பெறுபவை. ஆபியோடீனியா என்ற இனம் தண்ணீர்ப்பாம்பு முதலியவற்றிலும், போத்ரிடியம் என்ற இனம் மலைப்பாம்பிலும் காணப்படுகின்றன. இவற்றுக்கும் மனிதனுக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை.

மனிதன் நடுவே புகுந்தால்

ஸ்பார்கனம் மனிதனுக்கும் வருவதுண்டு. 1882-ல் சீன தேசத்து அமாய் துறைமுகத்தில் இறந்த ஒருவரின் உடலைச் சோதித்தபோது பாட்ரிக் மான்ஸன் என்ற டாக்டர் இதைக் கண்டெடுத்தார். யானைக்காலை உண்டாக்கும் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை முதலில் கண்டறிந்தவரும் அவரே. அது முதல் சீனாவில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் இந்நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. கொரியா, ஜப்பான், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளிலும் உண்டு. இந்தியாவில் கண்டறியப்பட்டவை மிகச் சிலவே.

மனிதனுடைய குடல் இப்புழுவுக்கு ஏற்ற வீடு அன்று. எனவே மனிதன் உண்பவனாக இருந்தும் உண்ணப்படுபவனுடைய ஸ்தானத்தில் வைக்கப்படுகிறான். அதாவது பாம்பின் நிலையே மனிதனுக்கும். புழு குடலைத் துளைத்துத் தோலடிக்கும் தசைக்கும் போய்க் கட்டியாகத் தங்குகிறது. கட்டி இன்று ஓரிடத்திலும் சில வாரங்களில் வேறோரிடத்திலும் இருக்கும். கண்ணுக்குச் சென்றால் பார்வைக்கு ஆபத்து; மூளைக்குச் சென்றால் வலிப்பு. இங்கிலாந்தில் வசித்த சீன வம்சத்தினர் ஒருவருக்குத் தலைவலியும் வலிப்பும் கண்டு, மூளையைப் படமெடுத்துப் பார்த்துவந்த டாக்டர்கள், ஏதோ ஒரு புண் நான்காண்டுக் காலத்தில் மூளைக்குள் ஐந்து சென்டிமீட்டர் தூரம் நகர்ந்திருப்பதைக் கண்டு வியப்படைந்தார்கள். அறுத்து எடுத்தபோது ஸ்பைரோமெட்ராவின் இளம்புழு வெளிவந்தது. 2014-ல் அதன் மரபணு முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். மனித உடலில் இப்புழு இருபது ஆண்டுகள் வரையிலும் உயிரோடிருக்கக் கூடும். மாத்திரைகளுக்கு எளிதில் மசிவதில்லை. கத்தியால் எடுப்பதே நம்பத்தக்க சிகிச்சை.

இது மனிதனுக்குள் புகும் வழிகள் மூன்று. நீர்ப்பூச்சியுள்ள குட்டை ஜலத்தை அப்படியே குடிப்பது ஒன்று. தவளை, பாம்பு முதலியவற்றின் மாமிசத்தைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்பது மற்றொன்று. கிழக்காசிய நாடுகளில் கண்நோய்க்கும் புண்ணுக்கும் பச்சைத் தவளைத் தசையை வைத்துக் கட்டும் கைவைத்தியம் மூன்றாவது. தவளையிலிருந்த புழு நேரே கண்ணுக்குள் ஏறிவிடுகிறது. நம் நாட்டில் அக்கைவைத்தியம் பெருவழக்கில் இல்லை என்று திருப்தியடைந்துவிட வேண்டாம். உடும்பின் இரத்தத்தைச் சூட்டோடு குடித்தால் பலம் உண்டாகும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் இன்னும் மறையவில்லை. சட்டப்படி அது கடுங்குற்றம். வைத்தியப்படியும் அதனால் பலம் வருவதற்கு ஆதாரமில்லை; ஊர்வன இனத்தின் பச்சை இரத்தத்தோடும் தசையோடும் புழுவும் பிற கிருமிகளும் உள்ளே செல்ல இடமுண்டு.

ஜலத்தைப் பற்றியதில் நமக்கு அநுபவம் உண்டு. நரம்புச் சிலந்தி என்ற நோயை முதியோர் அறிவர்: காலில் கொப்புளம் உடைந்து, நூல்போன்ற நீண்ட புழு நாள்தோறும் சிறிது சிறிதாக வெளிவர, அதைக் குச்சியில் சுற்றிச் சுற்றி எடுப்பார்கள். அது நாடாப்புழு அன்று, உருளைப்புழு. ஆயினும் அதைச் சுமந்ததும் இதே ஸைக்ளாப்ஸ்தான். படிக்கிணறுகளை மூடியும், ஜலத்தைத் துணியில் வடிகட்டியும், நீர்ப்பூச்சியைக் கொல்லும் மருந்திட்டும் அந்நோயை இந்தியா ஒழித்தது. கடைசி நோயாளி கண்டது 1996-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ராஜஸ்தானத்தில். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்நாட்டை அந்நோய் நீங்கிய நாடென அறிவித்தது. அதற்குத் தடுப்பூசியும் இல்லை, தின்னும் மருந்தும் இல்லை. வெள்ளைத் துணியில் வடிகட்டுதல் போன்ற சாதாரண காரியங்களே அதைச் செய்து முடித்தன. ஏரி மீனுக்கும் மாட்டுக்கும் போனவர்கள் தாகத்துக்குக் குட்டையில் வாய் வைத்துக் குடிப்பது இன்றும் காணும் காட்சியாகையால் அந்தத் துணியை மூட்டை கட்டி வைத்துவிடலாகாது.

வேலூரிலிருந்து ஒரு பாடம்

பாம்புப் புழு மனிதனுக்கு அபூர்வமாக வருவது. ஆனால் மனிதன் பிறிதொரு பிராணியின் ஸ்தானத்தில் தவறி வைக்கப்படும் அந்தத் தவறு, வேறொரு நாடாப்புழுவின் விஷயத்தில் நம் வட்டாரத்திலேயே அடிக்கடி நேர்கிறது. 1888-ல் சென்னையில் வலிப்பு கண்டு இறந்த ஒரு கூலியாளின் மூளையில் பன்றி நாடாப்புழுவின் நீர்ப்பைகள் இருந்தன. இந்தியாவில் இதுபற்றி எழுதப்பட்ட முதல் வரலாறு அதுவே. பின்னாளில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர்கள் வேலூர் மாவட்டத்துக் கிராமங்களிலும் நகரத்திலுமாக ஐம்பதாயிரம் மக்களுக்கு மேல் வீடு வீடாக விசாரித்து 2006-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வலிப்பு நோயாளிகளுள் சுமார் மூன்றில் ஒருவருக்கு இப்புழுவே காரணம் எனத் தெரிந்தது. 1989 வரை வேலூரும் திருவண்ணாமலையும் ஒரே வட ஆற்காடு ஜில்லாவாக இருந்தவை. மண்ணும் வாழ்க்கையும் ஏறக்குறைய ஒன்றே. அங்கே கண்டது இங்கே இராது என்று நினைக்கக் காரணமில்லை.

இந்தப் புழுவுக்கு உண்பவன் மனிதன், உண்ணப்படுவது பன்றி. மனிதன் குடலில் நாடாப்புழு. அவன் வெளியில் மலங்கழிக்கப் பன்றி அதைத் தின்று தசையில் நீர்ப்பை சுமக்கிறது. வேகாத பன்றி மாமிசத்தால் மறுபடி மனிதனுக்குக் குடற்புழு. இம்மட்டோடு நின்றால் வயிற்று உபத்திரவத்தோடு போய்விடும். ஆனால் முட்டை மனிதன் வாயிலேயே புகுந்துவிட்டால், பன்றிக்கு உரிய நீர்ப்பை மனிதனுடைய மூளையில் தங்குகிறது. இதைப் பெறுவதற்குப் பன்றி மாமிசத்தைத் தொட வேண்டியதே இல்லை. மலங்கழித்தபின் கை கழுவாதவர் பிசைந்த சோறு போதும்; மலம் கலந்த நீர் பாய்ந்த கீரையைக் கழுவாமல் உண்டால் போதும். தலைமுறை தலைமுறையாகச் சைவ உணவு உண்ணும் வீடுகளிலும் இந்த வலிப்பு வருவதன் ரகசியம் இதுதான்.

காக்காய்வலிப்பு என்றால் பேய் என்று சொல்லிச் சாவியைக் கையில் திணிப்பதும், வேப்பிலை அடிப்பதும், கடைசியில் கல்யாணத்தை நிறுத்திவிடுவதும் நம் ஊர்களில் உண்டு. புழுவால் வந்த வலிப்பை மருந்தால் அடக்கலாம். பலருக்குப் புழு மடிந்து புண் ஆறியபின் வலிப்பு நின்றுவிடுவதும் உண்டு. பெண் பார்க்க வந்தவர்களிடம் மறைப்பதற்குச் செலவிடும் சாமர்த்தியத்தில் பாதியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதில் செலவிட்டால் பல குடும்பங்கள் பிழைத்துப்போகும்.

பாம்புக்கு ஒரு சங்கம்

பாம்பின் உடலில் புழு உண்டென்பதால் பாம்பு பிரயோஜனமற்றதாகிவிடவில்லை. இதைக் கூட்டுறவாளருக்கு எடுத்துச் சொல்லத் தக்க சாட்சி ஒரு கூட்டுறவுச் சங்கமே. முற்காலத்தில் இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்றார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப்பின் அந்த வியாபாரம் நின்று பிழைப்புப் போயிற்று. பாம்பு ஆராய்ச்சியாளர் ராமுலஸ் விட்டேக்கரின் உதவியோடு 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அது இயங்கிவருகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கையும் உரிமம் பெற்றுப் பிடித்து, சட்டியில் சில வாரங்கள் வைத்திருந்து, வாரம் ஒருமுறையாக விஷத்தை எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொண்டுதான் பாம்புக்கடிக்கு மாற்று மருந்து செய்கிறார்கள். திருவண்ணாமலை அரசு ஆஸ்பத்திரியில் கடிபட்ட விவசாயிக்கு ஊசி ஏறும்போது, முன்பின் அறியாத ஒரு கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினரின் உழைப்பு அதில் கலந்திருக்கக் கூடும்.

அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவர் 2017-ல் அமெரிக்காவின் ப்ளோரிடா மாகாணத்துக்கு அழைக்கப்பட்டு, அங்கே அயல்நாட்டிலிருந்து புகுந்து பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்த மலைப்பாம்புகள் ஆசியாவிலிருந்து ஒரு நுரையீரல் ஒட்டுண்ணியையும் கொண்டுபோய் அவ்வூர்ப் பாம்புகளுக்குப் பரப்பிவிட்டன. அது நாடாப்புழு ஜாதியன்று. ஆனாலும் ஒரு பிராணியை இடம் மாற்றுபவர்கள் அதன் உடலிலிருக்கும் குடித்தனக்காரர்களையும் சேர்த்தே மாற்றுகிறார்கள் என்பதற்கு அது தக்க உதாரணம்.

களத்தில் செய்யத் தக்கவை

வீட்டுக்குள்ளோ களத்திலோ பாம்பு வந்தால் தூர நின்று, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியனுப்புவது இப்போது எங்கும் வழக்கமாகிவிட்டது. வண்டியில் அகப்பட்டோ மற்றெவ்வாறோ செத்த பாம்பு கிடந்தால் வெறுங்கையால் தொடாமல், முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து, நாய் கிளறாதபடி மேலே கல்லை வைப்பது நலம். செத்த எலிகளுக்கும் இதுவே முறை. எலியையும் தவளையையும் விளையாட்டாக நாய்க்கும் பூனைக்கும் வீசிப் பழக்கும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டும். ஆடு அறுக்குமிடத்தில் நீர்க்கட்டியுள்ள ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு எறிவதும் இதே குற்றந்தான்; ஆட்டுக்கும் நாய்க்கும் நடுவே சுற்றும் வேறொரு சிறு நாடாப்புழு அவ்வழியாகவே மனிதனுடைய ஈரலில் தேங்காய் அளவு நீர்க்கட்டியை உண்டாக்குகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக நாயைக் கவனிக்க வேண்டும். வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் பிராஸிக்வாண்டல் என்னும் மாத்திரையைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் கொடுக்கலாம். நாயின் எடைக்குத் தக்கபடி அளவு மாறும். அன்றியும் சாதாரண நாடாப்புழுவுக்குப் போதுமான அளவு ஸ்பைரோமெட்ராவுக்குப் போதாது. ஆகையால் நாய் தவளையும் பாம்பும் தின்னும் பழக்கமுள்ளதென்பதைக் கால்நடை மருத்துவரிடம் சொல்லி, அவர் விதிக்கும் அளவையே கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்ததோடு விட்டுவிட்டால் அடுத்த தவளையோடு புழு திரும்பிவிடும். ஒரு வீட்டு நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்து மற்ற நாய்களை விட்டாலும் பலன் அற்பமே. கால்நடைக்குத் தடுப்பூசி போட மருத்துவர் ஊருக்கு வரும் நாளிலேயே, பால் உற்பத்தியாளர் சங்கத்தின் மூலமாக நாய்களையும் நிறுத்துப் பட்டியலெழுதி ஒரே நாளில் கொடுத்துவிட்டால் செலவும் குறையும், அலைச்சலும் குறையும். ஏரி நிரம்பும் முன், அதாவது புரட்டாசிக்குள், அந்த நாளைக் குறித்துக்கொள்வது உசிதம். மருந்து கொடுத்த பிறகு இரண்டு மூன்று நாட்கள் நாயைக் கட்டிவைத்து, அதன் மலத்தை அள்ளிக் குழியிலிட்டு மூட வேண்டும்.